போஸ்குவுக்கு வீடு, பையனுக்கு வளையம்

மிச்சத் தண்டனையை வீட்டிலேயே கழிக்க விடுங்கள் என்று 'போஸ்கு' டத்தோஸ்ரீ நஜிப் துன் ரசாக் நடத்திய வழக்கை 2025 டிசம்பர் 22ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நான்கே நாளில், 26ஆம் தேதி, அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி வழக்கில் இன்னொரு நீதிபதி மேலும் 15 வருஷம் போட்டார். கூடவே 1,100 கோடி வெள்ளிக்கு மேல் அபராதம். அந்த வாரம் எங்கள் கம்போங் மேடானில் பரிதாபம் கரைபுரண்டு ஓடியது. "பாவம்லா, வயசான மனுஷன். வீட்டுல கெடந்துட்டுப் போறாரு, யாருக்கு என்னா நஷ்டம்?" என்று தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே நம் அண்ணன்மார்கள் தீர்ப்பை மாற்றி எழுதினார்கள். மேசையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் சொந்த வீடு கிடையாது. முன்னாள் பிரதமருக்கு அவருடைய வீடு கிடைக்கவில்லையே என்று மட்டும் தொண்டை அடைத்தது.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2019 ஜூனில் அரசாங்கம் அவர்மீது ஒரு வழக்குப் போட்டது. 2011 முதல் 2017 வரை ஏழு வருஷத்துக்கு அவர் கட்ட வேண்டிய வருமான வரி, தாமதக் கட்டணத்தோடு சேர்த்து, 169 கோடி வெள்ளி. இது சிவில் பாக்கி. வரி ஏய்ப்புக் குற்றம் சாட்டி அவரை யாரும் தண்டிக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன், அவருடைய வக்கீல்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த ஏழு வருஷமும் இந்த நாட்டுக்கு நிதியமைச்சர் யார்? அவரேதான். 2008 முதல் 2018 வரை நிதியமைச்சு அவர் கையில் இருந்தது, வருமான வரி வாரியம் அந்த அமைச்சின் கீழ் இருந்தது. வீட்டுக்காரரே காவல்காரர், காவல்காரரே கணக்குப்பிள்ளை. அந்த ஏழு வருஷத்தில் ஒரு நாளாவது ஏதாவதொரு கிளை அதிகாரி தொலைபேசியை எடுத்து, "டத்தோஸ்ரீ, உங்கள் பாரத்தில் ஒரு சின்னச் சந்தேகம்" என்று கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் மறுநாள் அவருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

சம்மன் வந்த பிறகுதான் மனிதருக்கு ஞானம் பிறந்தது. 1967 வருமான வரிச் சட்டத்தில் 106(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வரிப் பாக்கிக்காக அரசாங்கம் வழக்குப் போட்டால், தொகை அதிகம், கணக்குத் தப்பு, மேல்முறையீடு நடக்கிறது என்று எந்த வாதத்தையும் நீதிமன்றம் காதில் வாங்கக் கூடாது. முதலில் கட்டு, பிறகு பேசு. இந்தப் பிரிவை வைத்துத்தான் 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம், முழு விசாரணை இல்லாமலே, 169 கோடியும் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. உடனே அவர் தரப்பு கொதித்தது. இது அநியாயம், இது அரசியல் சாசனத்துக்கு விரோதம், ஒரு குடிமகனின் வாதத்தைக் கேட்காமலே தீர்ப்பா?

அருமையான கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. அதை அவர் 2009இல் கேட்டிருக்கலாம். 2012இல் கேட்டிருக்கலாம். நிதியமைச்சராக இருந்து பட்ஜெட் வாசித்த அத்தனை தடவையும் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு திருத்த மசோதா போதும், கை தூக்க அவருக்கு நாடாளுமன்றத்தில் ஆள் இருந்தது. அந்தப் பத்து வருஷத்தில் அவருக்கு நினைவு வந்ததெல்லாம் ஜிஎஸ்டி ஒன்றுதான். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் 6 விழுக்காடு. பால் டின் வாங்கும் பாட்டி முதல் பனியன் வாங்கும் பேரன் வரை எல்லாரும் நாட்டு வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தோம். கொடுத்த தோள் இன்னும் வலிக்கிறது.

அந்த 106(3) நம்ம பக்கத்தில் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் பழைய கிள்ளான் சாலையோரம் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், தாமானுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு நாள் பழுப்பு உறை வரும். மேலே 'உருசான் ஸ்ரீ பாதுகா பகிண்டா' (மாமன்னரின் அலுவல்) என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்தைப் பார்த்ததுமே நம் ஆட்களுக்குப் பாதி உயிர் போய்விடும். உள்ளே பாரம் ஜே. இத்தனை ஆயிரம் வெள்ளி வரி, 30 நாளில் கட்டு. கணக்குத் தப்பு என்று தோன்றினால் பாரம் கியூ நிரப்பி அதே 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு இருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டாமல் இருக்க முடியாது. தாமதித்தால் 10 விழுக்காடு ஏறும். அதற்கும் மசியாவிட்டால் 104ஆம் பிரிவு. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னை போக வந்த அக்காவிடம், "நீங்கள் நாட்டை விட்டுப் போக முடியாது" என்பார்கள்.

ஆதாரம் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம். ஏழு வருஷத்துக்கு எல்லா ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அக்காவும் பத்திரப்படுத்தினார். கோழிக் கடை, மளிகை, கேஸ், எல்லாம் ஒரு பெரிய மைலோ டின்னில். அதிகாரி கேட்டபோது டின்னைத் திறந்து மேசைமேல் கொட்டினார். முக்கால்வாசி வெறும் வெள்ளைத் தாள். இன்றைக்குக் கடைகளில் தருவது சூட்டில் அச்சாகும் ரசீது. அடுப்படி அனலில் சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும். சட்டத்துக்கு ஆயுள் ஏழு வருஷம், ரசீதுக்கு ஆயுள் ஏழு மாசம். வெளுத்த தாளைக் காட்டி "இதில் கோழி நாற்பது வெள்ளி என்று எழுதியிருந்தது ஐயா" என்று சொன்னால், எழுந்து நின்று கை தட்டவா போகிறார்கள்?

இதே நாட்டில், இதே காலத்தில், ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் எஸ்ஆர்சி என்ற அரசாங்க நிறுவனத்தின் பணம் 4.2 கோடி வெள்ளி வந்து இறங்கியது. எனக்குத் தெரியவே தெரியாது என்றார். இன்னும் பல கோடிகளுக்கு, அரபு தேசத்து அரச குடும்பம் கொடுத்த நன்கொடை என்றார். ரசீது? கடிதங்கள் இருந்தன. அந்தக் கதையை நீதிமன்றம் நம்பவில்லை. அக்காவுக்கு நாற்பது வெள்ளிக் கோழி தெரிந்திருக்க வேண்டும். நிதியமைச்சருக்கு நாலு கோடி வெள்ளி தெரியாமல் இருக்கலாம். மறதிக்குக்கூட அந்தஸ்து வேண்டும் போலிருக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2017 மார்ச் கடைசியில் நஜிப் சென்னைக்குப் போய்ப் போயஸ் தோட்டத்தில் ரஜினிகாந்தைப் பார்த்தார். 'கபாலி' எடுத்த ஊரின் பிரதமர், கபாலியையே போய்ப் பார்த்தார், நம் ஆட்கள் புல்லரித்துப் போனார்கள். அதே போயஸ் தோட்டத்தில்தான், அதற்கு முந்திய டிசம்பரில் காலமாகும்வரை, அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் வாழ்ந்தார். 1990களின் தொடக்கத்தில் வருமான வரிக் கணக்கையே தாக்கல் செய்யவில்லை என்று அவர்மீது வழக்கு. ஏறக்குறைய பதினெட்டு வருஷம் இழுத்தது, உச்ச நீதிமன்றம்வரை போனது, கடைசியில் சமரசக் கட்டணம் கட்டி 2015 ஜனவரியில் கோப்பை மூடினார்கள். வங்கக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒரே மாதிரிதான் வசூலாகிறது, கீழிருந்து மேல்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

எஸ்ஆர்சி வழக்கில் அவருக்கு 12 வருஷம், 21 கோடி வெள்ளி அபராதம். 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது, அன்றைக்கே காஜாங். 2024 ஜனவரி 29ஆம் தேதி மன்னிப்பு வாரியம் கூடியது. 12 வருஷம் 6 ஆனது, 21 கோடி 5 கோடி ஆனது. அந்த 5 கோடியைக் கட்டாவிட்டால் ஒரு வருஷம் கூடுதலாக உள்ளே. வகுத்துப் பார்த்தேன். அவர் சிறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு நாளின் விலை ஏறக்குறைய 137,000 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒரு பாதுகாவலர், ஒரு காசு செலவழிக்காமல், ஆறே முக்கால் வருஷம் கதவருகே நின்றால் அந்தத் தொகை சேரும். இந்த நாட்டில் இதைவிட நல்ல சம்பளத்துக்கு வேறு எங்கும் ஆள் எடுப்பதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் வந்தது. வீட்டுக் காவல் அனுமதித்து மாமன்னரின் கூடுதல் ஆணை ஒன்று உண்டு என்றார்கள். மாமன்னரின் அதிகாரத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. 1948ஆம் வருஷத்து நிந்தனைச் சட்டம் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது. தாளைத் தேடிய கூத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். துணைப் பிரதமரே சத்தியப் பிரமாணம் செய்தார், ஓர் அமைச்சரின் கைப்பேசியில் அந்த ஆணையின் நகலைப் பார்த்தேன் என்று. உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இது செவிவழிச் செய்தி என்றது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விசாரிக்கலாம் என்றது. ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்றது. டிசம்பரில் மறுபடி உயர் நீதிமன்றம்: தாள் இருக்கிறது, ஆனால் மன்னிப்பு வாரியக் கூட்டத்தில் அது பேசப்படவில்லை, ஆகவே செல்லாது. ஒரு தாளுக்காக மூன்று நீதிமன்றங்கள், இருபது மாதம், மூத்த வக்கீல்கள், நேரலைச் செய்தி.

விசாரணையைக் குறை சொல்லவில்லை. கைதிக்கும் உரிமை உண்டு, நஜிப்புக்கும் உண்டு. கேட்டார், கேட்கட்டும். ஆனால் கம்போங் மேடானில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. இந்த ஊரில் 2001 மார்ச்சில் ஒரு துக்க வீடும் ஒரு கல்யாண வீடும் அருகருகே அமைந்த இடத்தில் தொடங்கிய தகராறு, நாள் கணக்கில் வெட்டும் குத்துமாக ஓடியது. அரசாங்கக் கணக்குப்படியே ஆறு உயிர் போனது, பெரும்பாலும் நம்மவர்கள். வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வந்தவனை வழிமறித்து வெட்டினார்கள். அரச விசாரணை ஆணையம் வேண்டும் என்று கேட்டோம். இல்லை. மனித உரிமை ஆணையமாவது பொது விசாரணை நடத்தட்டும் என்றோம். அதுவும் இல்லை. கா. ஆறுமுகம் 'மார்ச் 8' என்று தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். அதை அரசாங்கம் தடை செய்தது. தொலைந்த தாளுக்கு மூன்று நீதிமன்றம், தொலைந்த ஆறு உயிருக்கு ஒரு மேசை நாற்காலிகூடப் போடவில்லை. அன்றைய அமைச்சரவையில் தற்காப்பு அமைச்சர் யார் என்று தேட வேண்டாம், அதே போஸ்குதான். நம்ம மஇகா தலைவர்களும் அந்த அமைச்சரவையில்தான் இருந்தார்கள். என்ன செய்தார்கள்? பொறுமை காக்கச் சொன்னார்கள். காத்துக்கொண்டிருக்கிறோம், கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த வீட்டுக் காவல் பேச்சை முடிக்க முடியாது.

இந்த நாட்டில் வீட்டுக் காவல் புதிது என்று வக்கீல்களும் அமைச்சர்களும் பேசுகிறார்கள். 2025 பட்ஜெட் உரையில், சில குற்றங்களுக்கு வீட்டுக் காவல் தண்டனை கொண்டுவரச் சட்டம் வரும் என்று பிரதமர் அன்வார் சொன்னபோது, பெரிய சீர்திருத்தம் என்று எழுதினார்கள். ஐயா, எங்கள் பிளாட்டுக்கு வந்து பாருங்கள். எங்களிடம் அது பத்து வருஷமாக இருக்கிறது. இதைக் கொண்டுவந்தவரும் நஜிப்தான்.

அவசரச் சட்டத்தை நீக்குகிறேன், விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க விட்ட ஐஎஸ்ஏ சட்டத்தை நீக்குகிறேன் என்று 2011இல் தொலைக்காட்சியில் தோன்றிச் சொன்னார். கை தட்டினோம். தட்டிய கை ஓயுமுன், 2013இல் போக்கா என்ற பழைய குற்றத் தடுப்புச் சட்டத்தைத் தூசி தட்டிப் பல் கட்டி எழுப்பினார்கள். 2014 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. போலீஸ் ஒரு பையனைப் பிடித்தால் முதலில் 21 நாள், பிறகு 38 நாள். அதன் பிறகு குற்றத் தடுப்பு வாரியம். அங்கே பையனுக்காக வாதாட வக்கீல் கிடையாது. வாரியம் நினைத்தால் இரண்டு வருஷம் விசாரணை இல்லாமல் உள்ளே. மனசு இளகினால் ஐந்து வருஷம்வரை வெளியே, ஆனால் கணுக்காலில் மின்னணு வளையம். நீதிமன்றம் நடைமுறை சரியா என்று மட்டும் பார்க்கலாம், முடிவு சரியா என்று பார்க்கக் கூடாது. 106(3)க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வளையம் மாட்டிய பையன்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். சில பேரை ஊர் மாற்றிவிடுவார்கள். பெற்ற அம்மா ஒரு மாநிலத்தில், பையன் தெரியாத ஊரில் வாடகை அறையில். ராத்திரி குறித்த நேரத்துக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். போலீஸ் பாலாய்க்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வளையத்துக்குச் சார்ஜ் போட வேண்டும். காலிலிருந்து கழற்ற முடியாது, ஆகவே சுவரில் இருக்கும் சுவிட்சுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, காலை நீட்டி, வயரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டைத் தங்கச்சி அங்கேயே கொண்டுவந்து வைப்பாள். மின்கட்டணம் கட்டாமல் கரண்டு வெட்டுப்பட்டால், அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, "அங்கிள், காலுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேன்" என்று கேட்க வேண்டும். சமூக வலைத்தளத்தில் சிரிப்பாகப் போடுவதற்குத் தோதான காட்சிதான், அந்தக் கால் உங்கள் பிள்ளையுடையதாக இல்லாதவரை. வேலை கேட்டுப் போனால் முதலாளி முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். நிபந்தனையை மீறினான் என்று எழுதிவிட்டால் அதுவே தனிக் குற்றம், அதற்குத் தனிச் சிறை. ஓவர்டைம் முடிந்து கடைசி பஸ்ஸை விட்டதால் மீறினேன் என்று எந்தச் சத்தியப் பிரமாணத்தில் எழுதுவது? அவனுக்காகக் கைப்பேசியில் நகல் காட்ட எந்த அமைச்சர் வருவார்?

அவர்களில் சில பேர் நல்லவர்களாக இல்லாமல் இருக்கலாம். கும்பல், கஞ்சா, கத்தி எல்லாம் உண்டு, மறைக்கவில்லை. குற்றம் செய்தால் நீதிமன்றத்தில் நிறுத்து, சாட்சி கொண்டுவா, தண்டனை கொடு. நஜிப்புக்கு அதைத்தானே செய்தார்கள்? எஸ்ஆர்சிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் விசாரணை, 1எம்டிபிக்கு ஆறு வருஷத்துக்கு மேல். சாட்சிகள், குறுக்கு விசாரணை, கோட் சூட்டோடு கூண்டில் அமர்ந்து தன் தரப்பைச் சொல்ல நாள் கணக்கில் நேரம். அவர் கொண்டுவந்த சட்டம் எங்கள் பையனுக்கு ஒரு மணி நேரமாவது கொடுத்திருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் நம் அண்ணன்மார்கள் பரிதாபப்படுகிறார்கள். 'மாலு அப்பா போஸ்கு' (என்ன வெட்கம், பாஸ்) என்று அவர் மோட்டாரில் ஏறிப் படம் எடுத்தபோது சட்டைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள்தான் இவர்கள். மேடையேறி 'நம்பிக்கை' என்று ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னார், ஓட்டை எடுத்து நீட்டினார்கள். 2024 அக்டோபரில் மகன் மூலமாக ஒரு மன்னிப்புக் கடிதம் வாசிக்கப்பட்டதும் கண் கலங்கினார்கள். பக்கத்து பிளாட்டில் வளையம் மாட்டிய பையனைக் கண்டால் மட்டும் லிப்டில் ஏறாமல் அடுத்த லிப்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஆனாலும் மக்கள் மனசுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஒரு வீட்டுக் காவல் கொடுத்துவிடலாம் என்றே நானும் சொல்கிறேன். அவருடைய லங்காக் டூத்தா மாளிகைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லப் போவதில்லை. இங்கே பிஜேஎஸ் 6இல் தேசா மெந்தாரி இருக்கிறது. மலிவு விலை வீடு, மூன்று அறை, 650 சதுர அடிக்குள் எல்லாம் அடக்கம். வளையம் மாட்டிக்கொள்ளட்டும், அவர் ஆட்சியில் வாங்கிய சரக்குத்தானே. ராத்திரி கதவைச் சாத்திக்கொள்ளட்டும், வாரம் ஒரு நாள் பாலாய்க்குப் போய்க் கையெழுத்துப் போடட்டும். பொழுது போக வேண்டுமே, கீழே ஒரு ரொட்டி சானாய் கடை போடட்டும். ஜூன் 30க்குள் பாரம் பி நிரப்பட்டும், ரசீதை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கட்டும். அந்த 169 கோடியைத் தவணையில் கட்டட்டும், தாமதமானால் 10 விழுக்காடு. தொகை அதிகம் என்று தோன்றினால் பாரம் கியூ இருக்கிறது.

பதினாறாவது மாடியாகப் பார்த்துக் கொடுங்கள். லிப்டு ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதீர்கள். அந்த ஒன்றையாவது அவர் விசாரணை இல்லாமல் தெரிந்துகொள்ளட்டும்.